குடும்ப வண்டியின் கோலம்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த நம்மவர் பலர்க்கு, புது ஊரின் முதல் முகமாகத் தோன்றியது ஒரு மோட்டார் வண்டியின் முகமே. இரவு பகலாக இரயிலில் அமர்ந்து ஹௌரா நிலையத்தின் வாயிலுக்கு வந்தவர்கள், வரிசை வரிசையாக நின்ற அம்பாஸிடர் டாக்ஸிகளைக் கண்டார்கள். தாதரில் இறங்கியவர்களைக் கருப்பும் மஞ்சளும் பூசிய ஃபியட் வண்டிகள் எதிர்கொண்டன. மொழி அறியாத ஊரில், தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நின்ற நமக்கு அவ்வண்டிகளின் உருவம் ஓர் ஆறுதலை அளித்தது. முன்னே இயந்திரம், நடுவே ஆட்கள், பின்னே பெட்டிகள் என்று அதன் ஒழுங்கு பார்த்தவுடனே விளங்கிற்று. ஓட்டுநரின் மொழி விளங்காவிடினும் வண்டியின் வடிவம் விளங்கியது.

குடும்பத்துக்கென்று கார் வாங்க எண்ணுபவர் கேட்கும் கேள்விகள் எளியவை. எத்தனை பேர் அமரலாம்? எண்ணெய்ச் செலவு எவ்வளவு? பழுதானால் உறுப்புகள் கிடைக்குமா? ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சுகளுக்கு இடம் உண்டா? இவற்றுள் ஒன்றேனும் அழகைப் பற்றியதன்று. ஆயினும் விற்பனைக் கூடத்தில் காலடி வைத்தவுடன் முதலில் தொழிற்படுவது கணக்கறியும் மூளையன்று, கண்ணே. கண் ஏற்றுக்கொண்ட பிறகே மூளை காரணங்களைத் தேடத் தொடங்குகிறது. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு கார் என்றால், அச்செலவில் புறத்தோற்றத்துக்கு உள்ள பங்கை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அப்பங்கு யாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

செடான் என்று வழங்கும் நான்கு கதவு வண்டி மூன்று பெட்டிகளை அடுக்கினாற் போன்ற அமைப்புடையது. தொடக்கத்தில் இந்த அமைப்பு அழகுக்காக எழுந்ததன்று. மழையும் புழுதியும் படாமல் நால்வரோ ஐவரோ செல்வதற்காக எழுந்தது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-ஆம் ஆண்டில் வெளியிட்ட டி மாடல் வண்டி, 1927-ஆம் ஆண்டில் நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. மலிவும் உறுதியுமே அதன் அணிகலன்கள். 1914 முதல் 1925 வரை கருப்பு ஒன்றே அதன் வண்ணம். பயனுள்ள பொருளுக்கு அழகு எதற்கு என்ற கொள்கையின் முழு உருவம் அது.

அக்கொள்கைக்கு மாற்று, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், வண்டி வாங்கிய குடும்பம் சில ஆண்டுகளில் மீண்டும் ஒரு வண்டியை விரும்பி வாங்குவதற்கு எது தூண்டும் என்று சிந்தித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் திரைப்பட நடிகர்களுக்குத் தனி உடல்கள் அமைத்துக் கொடுத்துவந்த ஹார்லி ஏர்ல் என்பவர் அந்நிறுவனத்துக்காக வடிவமைத்த லா ஸால் வண்டி 1927-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கலைக்கும் வண்ணத்துக்கும் என ஒரு தனிப் பிரிவு அமைந்து, ஏர்ல் அதன் தலைவரானார். களிமண்ணில் முழு உருவம் வனைந்து பார்த்து, பின் உலோகத்தில் வார்க்கும் முறையை அவர் வளர்த்தார். டி மாடல் வீழ்ந்ததற்கு அழகு ஒன்றே காரணம் என்பது மிகை. தவணை முறையும், மூடிய உடலுள்ள வண்டிகள் மலிந்ததும் பெருங்காரணங்கள். எனினும் அதே 1927-இல் டி மாடல் முடிவுற்றதும், தோற்றத்துக்கென்று ஓர் அலுவலகம் பிறந்ததும் மோட்டார் வரலாற்றின் ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை.

அழகு வேண்டும் என்று துணிந்தவர்கள் யாவரும் வென்றார்களா? இல்லை. 1934-இல் கிரைஸ்லர் நிறுவனம் ஏர்ஃப்ளோ என்னும் வண்டியை வெளியிட்டது. கார்ல் பிரீயர் என்ற பொறியியலறிஞரின் தலைமையில், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய வண்டி அது. இயந்திரத்தை முன்னச்சுக்கு மேலே நகர்த்தி, ஆட்களை இரு அச்சுகளுக்கும் இடையே அமர்த்தியதால் பயணம் மிகச் சுகமாயிற்று, உள்ளே இடம் பெருகிற்று, உடல் உறுதிப்பட்டது. பயன் என்று எதைக் கேட்டாலும் அது முன்னைய வண்டிகளைவிட மேலாகவே இருந்தது. ஆனால் முகம் அருவி போல வழிந்து இறங்கியது. நிமிர்ந்த முகப்பும், இருபுறமும் தனித்து நின்ற விளக்குகளும் பழகிய கண்களுக்கு அது வண்டியாகவே தோன்றவில்லை. அந்நிறுவனத்தின் டி ஸோட்டோ கிளைக்கு அவ்வாண்டு வேறு உருவம் இல்லாமையால் அதன் விற்பனை பெரிதும் சரிந்தது. மறு ஆண்டே பழைய சாயலில் வேறு வண்டிகள் வந்தன. 1937-உடன் ஏர்ஃப்ளோ மறைந்தது. அதே வளைவுகளைச் சற்று அடக்கிக் கூர்மையான முகப்புடன் 1936-இல் வந்த லிங்கன் ஸெஃபிர் வண்டியை மக்கள் வரவேற்றனர். கண்ணுக்கு நல்லதை ஒரே நாளில் கற்பிக்க முடியாது. சிறிது சிறிதாகவே பழக்க வேண்டும் என்பது இதனால் விளங்கியது.

இத்தோல்வியால் சூடுகண்ட கிரைஸ்லர் நிறுவனம் அடுத்து எதிர்முனைக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் தலைவராயிருந்த கே. டி. கெல்லர், தலையில் தொப்பியுடன் ஒருவர் தாராளமாக அமரும் உயரம் வேண்டும் என்று வற்புறுத்தினார். நியாயமான கோரிக்கை. வண்டிகள் உயரமாகவும் பெட்டி போலவும் வந்தன. போரின் பஞ்சம் நீங்காதிருந்த ஆண்டுகளில், எதைச் செய்தாலும் விற்றது. பஞ்சம் நீங்கியதும், தாழ்ந்து நீண்ட போட்டி வண்டிகளின் பக்கம் மக்கள் சாய்ந்தனர். 1950-களின் முற்பகுதியில் ஃபோர்டு நிறுவனம் கிரைஸ்லரை முந்திச் சென்றது. பின்னர் வர்ஜில் எக்ஸ்னர் என்ற வடிவமைப்பாளர் 1955-லும் 1957-லும் நீண்டு தாழ்ந்த எழில் உருவங்களைத் தந்தபோது நிறுவனம் தலைநிமிர்ந்தது. ஆனால் 1957-ஆம் ஆண்டின் வண்டிகள் அவசரத்தில் செய்யப்பட்டவை. விரைவில் துருப்பிடித்தன என்ற பழிக்கு ஆளாயின. வால் இறக்கைகளைக் கண்டு மயங்கி வாங்கிய குடும்பத்தார், மழைநீர் உள்ளே கசிவதைக் கண்டு மனம் வெதும்பினர். ஒரே நிறுவனம் கால் நூற்றாண்டுக்குள் மூன்று பாடங்களைக் கற்றது: கண்ணை மீறிய பயன் விற்கவில்லை, கண்ணை மதியாத பயன் நிலைக்கவில்லை, பயன் இல்லாத அழகு நம்பிக்கையைக் கெடுத்தது.

இப்பாடங்கள் நம் நாட்டில் வேறு சூழலில் சோதிக்கப்பட்டன. 1953-ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், இங்கேயே உறுப்புகளைச் செய்ய முன்வராத அயல்நாட்டு நிறுவனங்கள் விலகின. 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் அத்தொழிலை நிறுத்திற்று. அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், கார் வாங்க எண்ணிய இந்தியக் குடும்பத்தின் முன் நின்றவை பெரும்பாலும் மூன்றே உருவங்கள். அவை கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் ஒவ்வொன்றாக உரியவை.

முதலாவது அம்பாஸிடர். பிர்லா குடும்பத்தார் 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-இல் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள உத்தர்பாராவுக்கு வந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியின் உருவத்தைத் தழுவி, 1957-இல் அம்பாஸிடர் பிறந்தது. குவிந்த கூரை, பருத்த பானட், தோள் அகன்ற மட்கார்டுகள், உயர்ந்த இருக்கை ஆகியவை அதன் அடையாளங்கள். முன்னிருக்கை ஒரே நீளப் பலகையாகவும், கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் அருகிலும் அமைந்தமையால் முன்னும் பின்னும் மும்மூவர் அமரலாம். தலைப்பாகை அணிந்த முதியவரும், புடவையின் கொசுவத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் பாட்டியும் அதிகம் குனிய வேண்டியதில்லை. கெல்லர் அமெரிக்காவில் தோற்ற கொள்கை இங்கே வென்றது.

வென்றதற்குத் தேர்ந்தெடுக்க வேறு வண்டி இல்லாமையும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகப்பில் கிரில் மாறிற்று, விளக்குகள் மாறின, இரண்டாம், மூன்றாம், நான்காம் மார்க் என்று பெயர்கள் மாறின. கூரையும் கதவும் பின்புறமும் மாறவில்லை. ஆயினும் மாறாமையே காலப்போக்கில் ஒரு பொருளைப் பெற்றது. வெண்ணிற அம்பாஸிடர் தெருவில் திரும்பினால் அமைச்சரோ ஆட்சித் தலைவரோ வருகிறார் என்று ஊர் அறிந்தது. அதே உருவம் கல்கத்தாவில் மஞ்சள் வண்ணத்தோடு ஏழை எளியவரின் அவசரத்துக்கும் உதவிற்று. வடிவமைப்பாளர் எவரும் வரைந்து கொடுக்காத மதிப்பு, பழக்கத்தால் அதன்மேல் படிந்தது.

இரண்டாவது, பம்பாயின் குர்லாவில் உருவான ஃபியட். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலிய ஃபியட் 1100 வண்டியை இங்கே தயாரித்தது. தாந்தே ஜியாகோஸா என்ற புகழ்பெற்ற பொறியியலறிஞரின் தலைமையில் உருவான வண்டி அது. முதலில் வந்த உருண்டை வடிவத்துக்குப் பம்பாய் மக்கள் வைத்த பெயர் டுக்கர். மராட்டியில் பன்றி என்று பொருள். கேலியே ஆயினும் அதில் வெறுப்பு இல்லை. 1964-இல் வந்த 1100 டிலைட் உருவம் நேர்க்கோடுகளும், பின்னே சிறு வால் இறக்கைகளும் கொண்டது. அமெரிக்காவில் 1948-ஆம் ஆண்டுக் கேடிலாக் வண்டியில், போர் விமானத்தின் வாலைப் பார்த்து முளைத்த அலங்காரம், 1959-இல் உச்சத்தை எட்டிப் பின் மறைந்தது. இத்தாலி வழியாகச் சிறுத்து அடங்கி வந்த அதன் சாயலோ, 1974-இல் பிரீமியர் பத்மினி என்று இராஜபுத்திர அரசியின் பெயரைப் பூண்டு, இந்நூற்றாண்டின் தொடக்கம் வரை குர்லாவில் அச்சு வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அம்பாஸிடர் அலுவலகத்தின் வண்டியாகவும், ஃபியட் வீட்டுக்காரர் தாமே ஓட்டும் வண்டியாகவும் மக்கள் மனத்தில் பிரிந்து நின்றன. இயந்திரத்தின் அளவில் 1489 சி.சி.க்கும் 1089 சி.சி.க்கும் உள்ள வேறுபாடு ஒரு காரணம். ஆனால் அவ்வேறுபாட்டைப் படித்தறிந்தவர் சிலரே. மற்றவர்க்கு அதை எடுத்துரைத்தது உருவம். பருத்த தோளுடையது பதவியையும், மெலிந்த இடையுடையது இல்லறத்தையும் குறித்தன. பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற ஃபியட் வண்டியை ஞாயிறுதோறும் கழுவித் துடைத்து, ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்ட தமிழ்க் குடும்பங்கள் மாதுங்காவில் மிகப் பல.

மூன்றாவது, சென்னையின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம் 1961-இல் இங்கே வந்தது. மூன்றனுள் கண்ணுக்கு இனியது எது என்று கேட்டால் பலரும் இதையே சுட்டுவர். மெல்லிய தூண்கள், அகன்ற கண்ணாடிகள், கத்தி முனை போன்ற விளிம்புகள் கொண்டது. ஆனால் அதற்கு இரண்டே கதவுகள். முன்னிருக்கையை மடித்துப் பின்னே நுழைவது இளைஞர்க்கு விளையாட்டு. குழந்தையை இடுப்பில் வைத்த தாய்க்கு அது தொல்லை. சென்னைத் தொழிற்சாலையார் இதை உணர்ந்து, 1968-இல் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றை உருவாக்கினர். இங்கிலாந்திலும் இல்லாத உருவம் அது. அழகான வெளிநாட்டு வடிவத்தை நம் குடும்பத்தின் தேவைக்கு ஏற்பத் தமிழ்நாட்டுக் கைகள் திருத்திய நிகழ்ச்சி. அதன் வழிவந்த கெஸல் 1970-களின் இடைப்பகுதி கடந்ததும் நின்றது. மற்ற இரண்டின் அளவுக்கு உழைப்பாளி என்ற பெயரை ஹெரால்டு ஈட்டவில்லை. டாக்ஸி நிலையங்களை அது ஆளவில்லை. எழில் மட்டும் அதைக் காப்பாற்றவில்லை.

1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வெளிவந்ததும் காலம் மாறிற்று. சிறிதாயினும் புதிய உருவம் ஒன்று தெருவுக்கு வந்தவுடன், பழைய உருவங்கள் ஒரே நாளில் முதுமை எய்தின. பழைய நிறுவனங்கள் விழித்துக்கொண்டு புது ஆடை தேடின. 1984-இல் உத்தர்பாராவிலிருந்து கான்டெஸா வந்தது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் கைவிட்ட, நீண்டு அகன்ற கம்பீரமான உடல். ஆனால் அதை முதலில் இழுத்தது அம்பாஸிடரின் அதே 1489 சி.சி. இயந்திரம். அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவர் நிறுவனத்தின் புகழ்பெற்ற உடல். உள்ளே முந்திய தலைமுறையின் வான்கார்டு வழிவந்த இயந்திரம். கண்டவர் வியந்தனர், ஓட்டியவர் ஏமாந்தனர். கான்டெஸாவுக்குப் பின்னாளில் ஜப்பானின் இஸுஸு இயந்திரம் கிடைத்தமையால் அது 2002 வரை வாழ்ந்தது. ஸ்டாண்டர்டு 2000 சில ஆண்டுகளுக்குள் மறைந்தது. அதனுடன் சென்னையின் அந்தக் கார்த் தொழிலும் மறைந்தது. புறத்தோற்றம் ஒரு வாக்குறுதி. உள்ளிருப்பது அதை நிறைவேற்றாவிடில், பொலிவு மிக்க தோற்றமே குறையைப் பெரிதாக்கிக் காட்டும். அதன் விலையை வாங்கியவர் மட்டும் செலுத்தவில்லை. பணிமனையில் உழைத்தவர்களும் செலுத்தினர்.

1990-களில் சந்தை திறந்தது. 1998-இல் ஹோண்டா சிட்டி வந்தது. 1999-இல் சென்னைக்கு அருகே மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வெளிவந்தது. ஐரோப்பாவின் ஃபியஸ்டா வண்டிக்குப் பின்புறம் டிக்கி சேர்த்து, இந்தியாவை முதன்மையாக எண்ணி அமைத்த உருவம் அது. இங்கே ஒரு செய்தி கவனத்துக்குரியது. நம்மவர் மனத்தில் டிக்கி பெட்டி வைக்கும் இடம் மட்டுமன்று. அது ஒரு தகுதி. டிக்கி இல்லாத கார் தொடக்கநிலை. டிக்கி உள்ள கார் முழுமையானது என்ற எண்ணம் அம்பாஸிடரும் ஃபியட்டும் கண்ணில் பதித்துச் சென்றது.

இவ்வெண்ணத்தோடு அரசின் வரிக் கணக்கு மோதியபோது விந்தையான உருவங்கள் பிறந்தன. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் குறித்த அளவுக்கு மிகாத இயந்திரமும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. டிக்கியும் வேண்டும், நீளமும் கூடாது என்றால் என் செய்வது? 2008-இல் டாடா நிறுவனம் தன் இண்டிகோ வண்டியின் வாலைக் குறுக்கிற்று. அதே ஆண்டு வந்த மாருதி டிசையர் முதலில் 4,160 மில்லிமீட்டர் நீளமுடையது. 2012-இல் அதன் பின்புறமும் 3,995 மில்லிமீட்டருக்குள் வெட்டப்பட்டது. முன்னே ஒரு வண்டி, பின்னே ஒட்டுப்போட்ட பெட்டி என்று பலர் நகைத்தனர். ஆனால் குடும்பங்கள் வாங்கின. விலையும் இடமும் நம்பகமும் நகைப்பை வென்றன. 2017-இல் வந்த டிசையர், தனக்கென வரைந்த உருவத்துடன், கூரை டிக்கிக்கு இயல்பாக இறங்குமாறு வந்தது. அடுத்த ஆண்டு, 2018-இல், நாட்டிலேயே மிகுதியாக விற்ற கார் அதுவே. பயன் முன்னரே இருந்தது. கண்ணின் தயக்கம் நீங்கியதும் அதற்குரிய இடம் கிடைத்தது.

இதன் மறுபக்கத்தை டொயோட்டா எடியோஸ் காட்டுகிறது. 2010-இன் இறுதியில் பெங்களூருக்கு அருகே பிடதியில் உருவாகி வந்த அவ்வண்டியின் டிக்கி 590 லிட்டருக்கு மேற்பட்டது. பின்னிருக்கை தாராளமானது; உழைப்போ ஓட்டுநர்கள் மெச்சுவது. ஆனால் புறத்தோற்றம் மிக எளிது. கண்ணை இழுக்க அதில் ஒன்றும் இல்லை என்பதே பலரின் கருத்து. டாக்ஸிக்காரர்கள் அதன் அருமையை உணர்ந்து வாங்கினர்; டாக்ஸி என்ற பெயர் பரவப் பரவக் குடும்பங்கள் மேலும் விலகின. 2020-இல் அது இங்கே நிறுத்தப்பட்டது. நல்ல பொருள் ஒன்று தன் நன்மையைத் தானே கண்ணுக்கு எடுத்துச் சொல்லத் தவறினால், அதன் நன்மை அறிந்தவர்க்கு மட்டுமே உரியதாகிவிடும்.

பழைய இருவரின் முடிவும் ஏறத்தாழ அவ்வாறே. 1980-களின் இடையில் ஆண்டுக்குச் சுமார் 24,000 விற்ற அம்பாஸிடர், 2013-14-இல் 2,200-க்குச் சற்று மேல்தான் விற்றது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தர்பாரா ஆலை நின்றது. அதிகாரமும் டாக்ஸியும் அதன் உருவத்துக்குத் தந்த பொருளே, இளங்குடும்பங்களை அதனிடமிருந்து அகற்றியது. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்ஸி, இருபதாண்டு வயது வரம்பை எட்டி, 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றது. இன்று செடான் உருவமே தளர்கிறது. உயர்ந்து நிமிர்ந்த எஸ்.யு.வி. வண்டிகளின் பக்கம் குடும்பங்கள் சாய்கின்றன. பள்ளமான சாலைக்கு உயரம் உதவும் என்பது உண்மை. ஆயினும் அவற்றுள் பலவற்றின் உள்ளிடம் ஒரு நல்ல செடானினும் மிகுந்ததன்று. உயரம் பாதுகாப்பையும் பெருமிதத்தையும் கண்ணுக்குச் சொல்கிறது, கண் நம்புகிறது.

ஆகவே, கார் வாங்கப் போகும் குடும்பத்தார் தம் கண்ணைக் குற்றவாளியாக்க வேண்டுவதில்லை. தினமும் காலையில் வாயிலில் நிற்கப்போகும் பொருளைப் பார்த்து மகிழ விரும்புவது இயற்கை. ஆனால் உருவம் சொல்லும் சொல்லை உள்ளே அமர்ந்து சரிபார்ப்பது கடமை. வீட்டின் மூத்தவரைப் பின்னிருக்கையில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஊர்ப் பயணத்துக்குரிய பெட்டியை டிக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹௌராவிலும் தாதரிலும் அன்று நம்மை ஏற்றிச் சென்ற வண்டிகள் அச்சோதனையில் தேறியவை. அவற்றின் உருவம் சொன்னது ஒன்று, செய்தது வேறு என்று இருந்ததில்லை. அழகுப் போட்டியில் அவை பரிசு பெற்றிரா. ஆயினும் அவ்வுருவங்களை இன்று எங்கேனும் கண்டால், நம் கால்கள் ஒரு கணம் நின்றுவிடுகின்றன.